நான் வாயே திறக்கலை

...அட, சட்டம் இல்லைன்னு யாரு சார் சொன்னா? சட்டம் இருக்கு. ஜோரா இருக்கு. தலையைக் கொஞ்சம் பின்னாடி சாய்ங்க... ம், அப்படித்தான். இந்த மண்ணுல முளைக்கிற செடியையோ, அதப்பத்தி இங்க இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தையோ எடுத்து எவனாவது வியாபாரம் பண்ணணும்னா, மொதல்ல வந்து கேக்கணும். அனுமதி வாங்கணும். லாபத்துல பங்கு குடுக்கணும். எவ்வளவு அழகான சட்டம்! கண்ணுல ஒத்திக்கலாம். அப்படி ஒரு சட்டத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே, என் கடைக்குப் பின்னாடி சாக்கடை ஓரத்துல முளைக்கிற தழையை நானே தொடக்கூடாதுன்னு எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?

பேசாதீங்க சார், நுரை வாய்க்குள்ள போயிடும். தொப்பி இருக்கட்டுமா? சரி, இருக்கட்டும் இருக்கட்டும். ஷேவிங்குக்குத் தலை எதுக்கு! ஊருக்குப் புதுசா? ம்... அதானே பாத்தேன். இந்த ஊர்ல என் நாற்காலியில உக்காராத தலையே கிடையாது. அதனாலதான் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுறேன். தெரிஞ்சவங்ககிட்ட பேச முடியுதா? "மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்யா"ன்னு பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிறானுங்க.

ஒட்டுத்தழைன்னு பேரு. பாத்தா களை. ஆடு கூட மோந்து பாத்துட்டுப் போயிடும். ஆனா கத்தி பட்ட இடத்துல அதை வெச்சா, எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரத்தம் நிக்கும். சும்மா கசக்கி வெச்சா நிக்காது, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அதை நான் யாருக்கும் சொல்றதில்ல... தாடையை இறுக்காதீங்க, லூசா விடுங்க. என்ன பெரிய சூட்சுமம், கத்தி தீட்டுற தோல்வார் இருக்கு பாருங்க, அதோ தொங்குதே, அதுமேல தழையை வெச்சுக் கட்டைவிரலால தேய்க்கணும். வார் சூடாகி, தழைக்கு வேர்க்கும். அந்த வேர்வையோட துளி படிகாரம். அவ்வளவுதான். எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அதான் மருந்து.

இதுல என்ன விசேஷம்னா, நெஞ்சுவலி வந்தவங்களுக்கு ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை குடுக்கிறாங்கல்ல? அவங்களுக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிக்கவே நிக்காது. வேற எந்தக் கடையிலயும் அவங்களுக்கு ஷேவிங் பண்ணப் பயப்படுவான். எல்லாரும் இங்கதான் வருவாங்க. என் மாமனார் உட்பட. அவர் இப்ப நோட்டீஸ் வந்ததுலேர்ந்து தாடியோட உக்காந்திருக்காரு சார். "மாப்ள, உங்களுக்கு எதுக்கு வம்பு"ன்னு கன்னத்தைக் காட்ட மாட்டேங்கிறாரு. தினம் காலையில மடிப்பு கலையாத சட்டை போட்டு, பளிச்சுனு இருந்த மனுஷன். சாப்பிடும்போது தாடியில சோறு ஒட்டுறதைத் துடைச்சுக்கிட்டு, யாராவது பாத்தாங்களான்னு பாக்குறாரு. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு.

யாரு எடுத்துட்டுப் போனதுன்னா கேக்குறீங்க? நீங்க எங்க கேக்குறீங்க, நானே சொல்றேன். தவணைக்காரர்! நான் வெச்ச பேருதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தாடியும் மீசையுமா ஒருத்தர் வந்தாரு. முடி வெட்டினேன். நாலு நாள்ல மறுபடி வந்தாரு. "இன்னும் கொஞ்சம் குறைங்க." குறைச்சேன். மறுபடி வந்தாரு. "காதோரம் பாருங்க." பாத்தேன். மனுஷன் முடியைத் தவணை முறையில வெட்டிக்கிறாரே, வீட்ல என்ன கஷ்டமோன்னு நான் நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் பாவம் பேசவே மாட்டாரு. உங்கள மாதிரிதான், அமைதி. ஒருத்தர் பேசாம உக்காந்திருந்தா மரியாதைக்கு நாம ஏதாவது பேச வேணாமா? கடைசியில வெட்டுறதுக்கு ஒண்ணுமில்லாம மொட்டை அடிச்சு விட்டேன். அதுக்கப்புறம் வரல. வந்து எதைக் குடுப்பாரு?

ஒரு வருஷம் கழிச்சு மருந்துக்கடையில ரத்தம் நிறுத்துற களிம்புன்னு ஒரு டியூப் வந்திருக்கு. பச்சைக் கலர். விலையைக் கேட்டாலே ரத்தம் நின்னுடும். என் மச்சினி வக்கீல், அவதான் அந்த டியூப் கம்பெனியோட பேட்டன்ட்டைப் படிச்சுக் காட்டினா. ஆராய்ச்சிக்கூடத்துல பல காலம் பாடுபட்டு அவங்களே கண்டுபிடிச்சாங்களாம். செய்முறை என்ன? "பதப்படுத்திய தோலின் மீது உராய்த்து, வெளிப்படும் சாற்றைப் படிகாரத்துடன் சேர்த்து." நீங்களே சொல்லுங்க சார்... வேணாம், சொல்லாதீங்க, மேலுதட்டுல இருக்கேன். ஆராய்ச்சிக்கூடத்துல எவன்யா தோல்வார் மாட்டி வெச்சிருப்பான்? விஞ்ஞானி ஷேவிங்கா பண்றான் அங்க?

இதுதான் கையும் களவுமா மாட்டினதுன்னு ஒரே சந்தோஷம் எனக்கு. செடிகொடிக்குன்னு ஒரு ஆணையம் இருக்கு, அங்க புகார் குடுத்தோம். மச்சினி சொன்னா: "மாமா, சுலபம். ஊருக்கே ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்துக்கு பேட்டன்ட் செல்லாது. உங்க கடைக்கு வர்ற நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க. இவர் எங்ககிட்ட பல வருஷமா சொல்லிக்கிட்டிருக்காருன்னு சொன்னாப் போதும். அதோட, அனுமதி வாங்காம எடுத்ததுக்கு அபராதமும் விழும்." சொல்லிட்டு வேற கேஸ் விஷயமா வெளியூர் போயிட்டா. அவ போயிருக்கக் கூடாது சார். தப்பு அவமேல.

ஏன்னா, நான் யோசிச்சுப் பாத்தேன். "இவர் எங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு"ன்னு ஊர்க்காரன் நாலு பேரு ஆபீசர் முன்னாடி போய்ச் சொன்னா எனக்கு என்ன மரியாதை? ஏற்கெனவே என்னை ஊர்ல ரேடியோன்னு கூப்பிடுறான். பட்டன் இல்லாத ரேடியோவாம். பரம்பரை ரகசியத்தை வர்றவன் போறவன்கிட்டல்லாம் உளறிட்டான்னு அரசாங்கத்துலயே பதிவாயிடாதா? அதனால நான் கெத்தா ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்தேன். "இது எங்க குடும்ப ரகசியம். என் உயிரே போனாலும் இன்னைவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் நான் வாயே திறக்கலை." சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன்.

அதோட விட்டேனா? சாட்சி வேணுமேன்னு கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் கெஞ்சினேன். தங்கமான ஜனங்க சார் இந்த ஊரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒருத்தர் விடாம வந்து சத்தியம் பண்ணாங்க. "இவர் வாய் திறந்து நாங்க பாத்ததே இல்ல." பால்காரர் சொன்னாரு, பால்காரர்! என்கிட்ட தழை வாங்கிட்டுப்போய் மாட்டுக்கு வெச்சவரு. ஓட்டல்காரர் இன்னும் ஒரு படி மேல போய், "இவர் ரொம்ப அடக்கமானவர், பேச்சே குறைவு"ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. என் வாழ்க்கையிலயே அன்னைக்குத்தான் எனக்கு அப்படி ஒரு நல்ல பேரு.

ஆபீசரம்மா எல்லாத்தையும் பொறுமையா படிச்சாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாங்க. "நீங்க யார்கிட்டயும் சொல்லலை?" இல்லைங்கம்மா. "ஊர்ல யாருக்கும் தெரியாது?" சத்தியமா தெரியாதுங்கம்மா. "அப்போ உங்ககிட்டேர்ந்து கம்பெனி எப்படி எடுத்திருக்க முடியும்?" ...

அந்த மாதிரி ஒரு கேள்வியை நான் எதிர்பாக்கல சார். தவணைக்காரரைப் பத்திச் சொன்னேன். "சொல்லலைன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே"ன்னாங்க. பேரு கேட்டாங்க, தெரியாது. முகம் எப்படின்னாங்க. தாடின்னேன். எனக்கு முகம் நிக்காது சார், மண்டை மறக்காது. பின்மண்டையில இரட்டைச் சுழி, ரெண்டுக்கும் நடுவுல அரிசி அளவு ஒரு தழும்புன்னு சொன்னேன். "சுழியை வெச்சு நாங்க எங்க தேடுறது"ன்னு சிரிச்சுட்டாங்க. கம்பெனி தானாவே கண்டுபிடிச்சதாத்தான் தீர்ப்பு. அந்தத் தெம்புலதான் கம்பெனிக்காரன் எனக்கு நோட்டீஸ் விட்டான். என் வீட்டுக்காரி, அதோ தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓட்டுறாளே, அவதான், "நுணலும் தன் வாயால் கெடும்பாங்க, வாய் இல்லைன்னு சொல்லிக் கெட்ட ஒரே நுணல் நீங்கதான்"ன்னா. சொந்தக் காசுல சூனியம்னு சொல்ல வர்றா. சொல்லிட்டுப் போகட்டும். நல்லவனா இருந்தது ஒரு குத்தமா?

இந்தக் கன்னம் முடிஞ்சுது. அந்தப் பக்கம் திரும்புங்க.

ஆனா ஒண்ணு, கதை முடியல. மேல்முறையீடு போட்டிருக்கோம். ஊர்க்காரங்களை இனிமே மாத்திச் சொல்லச் சொல்ல முடியாது, சத்தியம் பண்ணிட்டாங்க, உள்ள போயிடுவாங்க. சத்தியம் பண்ணாத ஒருத்தர் வேணும். மச்சினி மண்டையைக் குடைஞ்சு ஒருத்தரைப் பிடிச்சிருக்கா. அது யாருன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. "மாமா, விசாரணை வரைக்கும் மூச்சு விடக்கூடாது. கம்பெனிக்காரன் முந்திக்கிட்டா நாம தொலைஞ்சோம்"னு என் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா. நானும் மூச்சு விடல. இந்த ஊர்ல ஒரு ஈ காக்காகிட்ட சொல்லல பாருங்க. நீங்க வெளியூரு, ஷேவிங் முடிஞ்சதும் பஸ் ஏறிடுவீங்க, உங்ககிட்ட சொல்றதுல என்ன... பழைய தபால்காரர் சார்! ரிட்டையர் ஆகி மக வீட்டுக்குப் போயிட்டாரு. பக்கத்து டவுன்ல ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், மாவு மில் வெச்சிருக்கா அந்தப் பொண்ணு. தவணைக்காரர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவருக்கு நான் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். நாய் கடிச்சப்ப அவரே வாரில தேய்ச்சு வெச்சிருக்காரு. ஊர்ல இல்லாததால என் நல்ல பேருலேர்ந்து அவர் ஒருத்தர்தான் தப்பிச்சாரு. அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பேட்டன்ட் காலி. மொத வேலையா என் மாமனாரை இந்த நாற்காலியில உக்கார வெச்சு வழவழன்னு வழிச்சு விடுவேன். ஆனா மனுஷன் பணத்துக்குக் கொஞ்சம் சபலம். யாராவது முன்னாடி போய் கவனிச்சுட்டா ஆளு மாறிடுவாரு. அதான் ரகசியம்.

முடிஞ்சுது சார். பாருங்க, ஒரு கீறல் இல்ல. எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. காதோரம் முடி காடா வளர்ந்திருக்கு, தொப்பிக்கு வெளிய தெரியுது. அட, காசு வேணாம் சார், இவ்வளவு நேரம் என் புலம்பலைக் கேட்டதுக்கு இனாம். சும்மா ரெண்டு வெட்டு. தொப்பியைக் குடுங்க... குடுங்க சார், தலையை நான் தின்னுடவா போறேன்? அட குனியாதீங்க... இதோ...

...

சார்.

இது... இரட்டைச் சுழி.

இந்தத் தழும்பு... ஏன் சார் ஓடுறீங்க? சார்! தவணைக்காரரே! யோவ்! துணி... கழுத்துத் துணியைக் குடுத்துட்டுப் போங்கய்யா! யாராவது பிடிங்களேன்... பஸ் ஏறிட்டானே... எந்த பஸ் அது? ஐயோ, பக்கத்து டவுனுக்குப் போற பஸ்ஸா!

என்ன? ...ஒண்ணுமில்லம்மா, நீ தையி. யாரோ வெளியூர் ஆளு, ஷேவிங்குக்கு வந்தாரு, போயிட்டாரு. அவசரம் போல... சேச்சே, நான் என்ன சொல்லப் போறேன் அவர்கிட்ட? உங்கப்பா மேல சத்தியமா, நான் வாயே திறக்கலை.