எட்டுப் பேர் கூடிய மேசை

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அறிவால் உயர்ந்த மருத்துவப் பெருமக்களே! அன்பே உருவான தாய்மார்களே! நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்து நாற்காலிகளை நிரப்பியிருக்கும் என் சொந்தங்களே! வணக்கம்!

நான் பேருந்து ஓட்டுபவள். ஒலிபெருக்கியைவிட ஹாரன்தான் எனக்குப் பழக்கம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! சிரிக்கத்தானே பிழைத்து வந்திருக்கிறேன்!

புகையை நான் தொட்டதில்லை. புற்றுநோய் என் நுரையீரலைத் தொட்டது. முதல் மருந்து தோற்றது. இரண்டாம் மருந்தும் தோற்றது. படியேறினால் வாங்கிய மூச்சு, படுத்தாலும் வாங்கியது. என் மருத்துவர் கையை விரித்தாரா? இல்லை!

"அக்கா, இதை நான் ஒருத்தனா முடிவு பண்ணக் கூடாது. கட்டியோட மரபணுவைப் படிச்சு அதுக்கேத்த மருந்து தேடுற மூலக்கூறு நிபுணர் குழுகிட்ட வைக்கிறேன்" என்றார்.

என் கணவர் கொதித்தார்: "இங்க உயிர் போகுது, இவங்க கூட்டம் போடுறாங்களாம்!"

கூடினார்கள் ஐயா, கூடினார்கள்! எட்டுப் பேர், ஒரே மேசை, ஒரே கோப்பு! அங்கே நடந்ததை என் மருத்துவர் பிறகு சொன்னார். மூத்த நிபுணர், "நாளைக்கே அடுத்த கீமோவை ஆரம்பிங்க" என்றாராம். மரபணு ஆய்வாளர் அம்மையார் மறித்தாராம்:

"கொஞ்சம் பொறுங்க சார். கட்டியோட டிஎன்ஏ மட்டும்தான் பார்த்திருக்கோம். அதுல தப்பினது ஆர்என்ஏவுல தெரியலாம். அதையும் பார்த்துடலாம். பத்து நாள் கொடுங்க."

"அதுவரைக்கும் அவங்க தாங்குவாங்களா?"

"தாங்க வைக்கிறோம் சார்" என்றாராம் செவிலியர்.

பத்தாம் நாள் விடை வந்தது. என் கட்டியில் இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அரிதிலும் அரிது! ஆனால் அதைக் குறிவைக்கும் மாத்திரை இருந்தது! நான் முன்பே சாப்பிட்டுவந்த இதய மாத்திரையோடு அது மோதும் என்று கண்டுபிடித்து, அந்த இதய மாத்திரையை மாற்றிக் கொடுத்தார் குழுவின் மருந்தாளுநர்.

எட்டு வாரம் கழித்து ஸ்கேன். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"என்ன டாக்டர், சொல்லிடுங்க!"

"அக்கா, கட்டி பாதிக்கு மேல சுருங்கிடுச்சு!"

அன்று கொதித்த என் கணவர், தாழ்வாரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவரைக் கட்டிப்பிடித்து ஆடினார். முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான் என் கணவர்! தட்டுங்கள் கையை!

எல்லோருக்கும் இப்படி மருந்து கிட்டும் என்று மேடையேறிப் பொய் சொல்ல மாட்டேன். என்னோடு சிகிச்சைக்கு வந்த தையற்காரத் தம்பிக்குப் பொருந்தியது எதுவும் அமையவில்லை. அவரே சொன்னார்: "எனக்காக எட்டுப் பேரு உட்கார்ந்து யோசிச்சாங்கக்கா. தேடாம விடல."

நுரையீரல் புற்று என்பது நோயின் பெயர். அது என் பெயரா? இல்லையே! என் உடலை என் உடலாகவே படித்தார்கள்! என் மருத்துவர் துணிந்து 'எனக்குத் தெரியாது' என்றார். தெரிந்தவர் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார்! அதுவல்லவா வெற்றி! அதுவல்லவா வைத்தியம்!

நாளைக் காலை அந்த மேசையில் இன்னொருவரின் கோப்பு திறக்கும். யாரோ, எவரோ, அவருக்கு நம் கைத்தட்டல் போய்ச் சேரட்டும்! நெஞ்சு நிறைய நன்றி. மூச்சு நிறைய வணக்கம்!