கல்யாணத்துக்கு முன்னாடி எழுதற பத்திரம்

— மின்சாரப் பாயா? அதையும் பத்திரத்துல எழுதணுமா அம்மா?

— எழுதுங்க பாங் ஐயா. ஏழாவதா போடுங்க. பாயோட சூடு நாப்பதைத் தாண்டக் கூடாது. இந்த டிரைவரு அம்பதுல வச்சுக்கிட்டுத் தூங்குற ஆளு. நான் என்ன அடுப்புல போட்ட கானாங்கெளுத்தியா, புரட்டிப் புரட்டி வேக வைக்க?

— இன்னும் கல்யாணமே ஆகல. அவர் அம்பதுல வப்பாருன்னு உங்களுக்கு எப்படி...

— நீங்க எழுதுற வேலையை மட்டும் பாருங்க ஐயா.

— மல்சூனு, இருபத்தெட்டு வருஷம் மோக்போ டவுன் பஸ் ஓட்டின இடுப்பு இது. சூடு வச்சாத்தான் காலையில நிமிருது. சரி, அதுக்கென்ன, நாப்பதுன்னா நாப்பது.

— கேட்டீங்களா? எதுக்கெடுத்தாலும் 'அதுக்கென்ன'. நான் வீட்டைக் கொளுத்திட்டேன்னு சொன்னாலும் 'அதுக்கென்ன'ம்பாரு. மவ வந்து 'அப்பா, அந்தக் கடைக்காரியைக் கட்டிக்கிறதுன்னா முதல்ல ஒப்பந்தம் எழுதி வாங்கு, இல்லாட்டி நானும் தம்பியும் கல்யாணத்துக்கு வரமாட்டோம்'னா. அதுக்கும் 'அதுக்கென்ன'.

— கடைக்காரின்னு சொன்மி சொல்லல. 'அந்த அம்மா'ன்னுதான் சொன்னா.

— எந்த அம்மா?

— தொடுகறிக் கடை அம்மா.

— பாத்தீரா! அவ வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கிற முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் யாரு போட்டதுன்னு கேளும். தொடுகறிக் கடை அம்மா போட்டதுதான்.

— அம்மா, கோவப்படாதீங்க. முப்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். சின்னப் பசங்களுக்கு இந்தப் பத்திரம் அவசியமில்ல. அவங்க பிரியறதுன்னா ஆளுக்கு ஒரு பெட்டி, முடிஞ்சுது. உங்களை மாதிரி ரெண்டாவது தடவை கட்டிக்கிறவங்களுக்குத்தான் வேணும். இந்தப் பக்கம் ரெண்டு புள்ளைங்க, அந்தப் பக்கம் ஒரு புள்ளை. இங்க ஒரு வீடு, அங்க ஒரு கடை. எது யாரோடதுன்னு இப்பவே எழுதிட்டா, பின்னால யாரும் உங்களைச் சந்தேகமாப் பாக்க மாட்டாங்க.

— நான் எங்கய்யா கோவப்பட்டேன்? நல்ல விஷயம்னுதான் சொல்றேன். என் மவன் பொரிச்ச கோழிக் கடை வச்சு ரெண்டு தடவை இழுத்து மூடினவன். மூணாவது தடவையும் மூடுவான், நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? அந்த இழவு இவர் வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது இல்ல? அதையும் எழுதுங்க.

— அது ஏற்கெனவே மூணாவதுல இருக்கும்மா. 'அவரவர் கடன் அவரவருக்கு.' இதுவரைக்கும் ஆனதைப் படிக்கிறேன். ஒண்ணு, வீடு தோங்சூ அவர்களுக்கே சொந்தம். மனைவி அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. ரெண்டு, சந்தைக் கடையும் மூணு கிம்ச்சி ஃப்ரிட்ஜும் மல்சூன் அம்மாவுக்கே சொந்தம்.

— நாலு.

— நாலாவது பத்தி இன்னும் படிக்கல.

— ஃப்ரிட்ஜு நாலுய்யா. ஒண்ணு பின்கட்டுல இருக்கு. நெத்திலிக்கு.

— நாலு. எழுதிக்கலாம்.

— மல்சூனு, மணி பதினொண்ணரை ஆச்சு. போதுமே. எல்லாத்துக்கும் நான்தான் சரின்னுட்டேனே.

— ஏன் பறக்கறீரு? ஓட்ட வேண்டிய பஸ்ஸு நிக்குதா? பாங் ஐயா, எனக்கு இருபத்திரெண்டு வயசுல முதல் கல்யாணம். 'உனக்கு என்ன வேணும்'னு ஒரு நாய்கூடக் கேக்கல. என் மாமியா பானையைத் திறந்து எத்தனை கரண்டி சோறு குறைஞ்சிருக்குன்னு பாப்பா. நாப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு ஆளு மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு 'அடுத்து என்னம்மா'ங்கறாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? நான் மெதுவாத்தான் சொல்லுவேன்.

— சொல்லுங்கம்மா. அடுத்து என்ன?

— எட்டு. திவசம்.

— அம்மா, சட்டப்படி பாத்தா இது சொத்துப் பத்திரம். திவசத்தை இதுல...

— தனித் தாள்ல எழுதுங்க. இவர் பெண்டாட்டிக்கு இலையுதிர் காலத்துல திவசம் வருது. என் புருஷனுக்குத் தை கழிஞ்சு வருது. ரெண்டுக்கும் நானே விடிய விடியப் பணியாரம் சுட்டு, மீன் வறுத்து, படையல் வைக்கணுமா? என் ஆளுக்கு நான் சமைக்கிறேன். இவர் பெண்டாட்டிக்கு இவர் சமைக்கட்டும்.

— எனக்கு நூடுல்ஸ் மட்டும்தானே வேக வைக்கத் தெரியும்.

— அப்ப அவளுக்கு நூடுல்ஸ் படைச்சுக் கும்பிடும். பாவம், இருபது வருஷம் உமக்குப் பொங்கிப் போட்டவ.

— பெரியவரே, ஒத்துக்கிறீங்களா?

— பணியாரம் மட்டும் நீ சொல்லிக் குடுத்தியானா... அதுக்கென்ன, சுடறேன்.

— இருங்க, போன் அடிக்குது பெரியவரே. உங்க பாக்கெட்டுல.

— ஆங், சொன்மி. சொல்லும்மா. ஆமா, ஆபீசுலதான் இருக்கோம். எழுதிக்கிட்டே இருக்காங்க. இல்ல, அவங்க சண்டை போடல. நல்லாத்தான் பேசறாங்க. வீடா? முதல் பத்தியே வீடுதாம்மா. அஞ்சாவதா? அது இன்னும் வரல. சரி. சரிம்மா. சரி.

— எத்தனை 'சரி'? நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். மவளுக்கு மூணு, எனக்கு ஒண்ணு. அது என்ன அஞ்சாவது? இவ குடுத்துவிட்ட தாள்ல இருக்கிறதா?

— ஆமாம்மா. அதைக் கடைசியாப் பேசலாம்னு ஒதுக்கி வச்சேன். படிக்கிறேன். 'கணவர் நோயுற்றுப் படுத்தால் மனைவி கடைசிவரை கவனிக்க வேண்டும். அதற்காக எந்தச் சொத்திலும் பங்கு கேட்கக் கூடாது.'

— இன்னொரு தடவை படிங்க ஐயா.

— வேண்டாம் சார், படிக்காதீங்க. மல்சூனு, இதை நான் எழுதச் சொல்லல. சத்தியமாச் சொல்லல.

— பக்கவாதத்துல விழுந்த மனுசனை ஏழு வருஷம் பாத்தவ நான். காலையில நாலு மணிக்குப் பீ மூத்திரம் அள்ளிப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு, கடையைத் திறந்து கீரை ஆஞ்சவ. அவர் போன அன்னிக்கு அழுகைகூட வரல, தூக்கந்தான் வந்துச்சு. இவ மவராசி, கணினியில ஒத்தை விரலால தட்டி எழுதிட்டா, 'கடைசிவரை'ன்னு. சம்பளம் இல்லாத ஆயா தேடறா. அப்பனுக்குப் பெண்டாட்டி தேடல.

— சார், அதை அடிச்சிடுங்க.

— பெரியவரே, உங்க மக கேட்டா?

— அடிச்சிடுங்கன்னு சொல்றேன் சார். முழுசா. பேனாவைக் குடுங்க, நானே அடிக்கிறேன்.

— அட! டிரைவரு ஹாரன் அடிக்கிறாரு! இருங்க பாங் ஐயா, அடிக்க வேண்டாம். கடைசியில சேத்து எழுதுங்க. நான் படுத்தா இவர் பாக்கணும், இவர் படுத்தா நான் பாக்கறேன். முதல்ல விழுறவங்களுக்கு அதிர்ஷ்டம்.

— ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தா?

— அப்ப சொன்மி பாக்கட்டும். அதையும் எழுதுங்க.

— எழுதிக்கலாம்... இது ஒன்பது. முப்பது வருஷத்துல இப்படி ஒரு பத்திரம் நான் எழுதினதில்ல. முடிஞ்சுதா அம்மா?

— பத்து ஒண்ணு இருக்கு. ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் எதையாவது மறைச்சா தண்டனை. குளிர்காலக் கிம்ச்சிக்கு வர்ற இருநூறு கோஸையும் மறைச்சவர் தன்னந்தனியா உப்புப் போட்டு ஊற வச்சு அலசணும். கொட்டுற பனியில. மூணு வருஷத்துக்கு.

— மூணு வருஷமா? ஒரு வருஷம் போதாது?

— ஏன் பெரியவரே, மறைக்கறதுக்கு ஏதாவது இருக்கா?

— இல்ல சார். இடுப்பு. இடுப்பை நெனச்சுச் சொன்னேன்.

— வேர்க்குதே டிரைவரே உமக்கு. ஹீட்டரை அணைக்கச் சொல்லட்டா?

— வேர்க்கல. அதுக்கென்ன, மூணு வருஷம்னே போடுங்க.

— சரி. இனி ரெண்டு பேரும் முத்திரை வச்சாப் போதும். அதுக்கு முன்னாடி சான்றிதழ்களை எடுங்க. நான் இதைக் கடைசியிலதான் கேக்கறது. பாதிப் பேர் இந்த இடம் வரைக்கும் வரமாட்டாங்க, நடுவுலயே முறிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க.

— என்ன சான்றிதழ் சார்?

— ரெண்டு பேருக்கும் தற்சமயம் கல்யாணம் ஆகலைன்னு காட்டுற சான்றிதழ். இந்தப் பத்திரம் கல்யாணப் பதிவுக்கு முன்னாடி எழுதிப் பதிஞ்சாத்தான் செல்லும். பதிவு ஆன மறுநிமிஷம் எழுதினாலும் வெறும் காகிதம்தான்.

— அதுவா... அது வீட்ல இருக்கு. நாளைக்குக் கொண்டாறேன்.

— எதுக்குப் பெரியவரே அலையணும்? கீழ வாசல்ல மெஷின் இருக்கு. விரலை வச்சா அரை நிமிஷத்துல வந்துடும்.

— என் விரலை அது எடுக்காது சார். இருபத்தெட்டு வருஷம் ஸ்டீரிங் பிடிச்சு ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சு.

— அப்ப அம்மா போய் அவங்களோடதை எடுத்துட்டு வரட்டும்.

— மல்சூனு விரலும் எடுக்காது! உப்புலயும் மிளகாயிலயும் ஊறின விரல். சுத்தமா எடுக்காது.

— என் விரலைப் பத்தி எப்பய்யா இவ்வளவு ஆராய்ச்சி பண்ணீரு? தள்ளும், நான் போய் எடுத்துட்டு வரேன்.

— உக்காரு மல்சூனு. முழங்கால் வலிக்கும், படி செங்குத்து.

— பெரியவரே, மறுபடியும் உங்க போன்.

— எடும்யா. மவதான். முடிஞ்சுதான்னு கேப்பா. முடிஞ்சுதுன்னு சொல்லும்.

— ஆங், சொன்மி. இல்லம்மா, கையெழுத்துப் போடல. போடப் போறதும் இல்ல. சொன்மி, இரு. ஒரு நிமிஷம் அப்பா பேசறேன், நீ கேளு. மூணு வாரத்துக்கு முன்னாடி அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டுப் போனியே, நீ படி இறங்கின கையோட நான் நகராட்சி ஆபீசுக்குப் போயிட்டேன். கல்யாணத்தைப் பதிஞ்சாச்சு. ஆமா, நான்தான். தனியாத்தான் போனேன். இனிமே எந்தப் பத்திரமும் செல்லாதாம், இங்க சார் சொல்றாரு. கத்தாதம்மா. உன் அம்மா வாழ்ந்த வீட்டை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. கல்யாண விருந்துக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம். வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, அவ தொடுகறிக் கடை அம்மா இல்ல, என் பெண்டாட்டி. வச்சிடறேன்.

— பெரியவரே! அப்போ காலையிலேர்ந்து நான் எழுதின பத்து பத்தி?

— மன்னிச்சுக்குங்க சார், எழுத்துக் கூலியைக் குடுத்துடறேன். சொன்மி தானே உங்ககிட்ட நேரம் வாங்கி வச்சுட்டா, வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மல்சூனு... அந்தப் பதிவு ஃபாரம் நாம ரெண்டு பேரும் உன் கடையில வச்சு முத்திரை குத்தினதுதான். நல்ல நாள் பாத்துக் குடுக்கலாம்னு இருந்தோம். அஞ்சாவது பத்தியைப் படிச்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு: இதைப் பாத்தா நீ போயிடுவ. நியாயமாவும் போகணும். அதான் உன் கண்ணுல படறதுக்குள்ள ஓடினேன். மூட்டுவலி மாத்திரை வாங்கச் சொல்லி நீ குடுத்த அடையாள அட்டை என்கிட்டதான் இருந்துச்சு. தப்புதான். அடிக்கறதுன்னா வீட்ல போய் அடி, இங்க வேண்டாம்.

— அம்மா, ஏதாவது பேசுங்க. மூணு வாரமா உங்களுக்கே தெரியாம உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கு! சட்டப்படி பாத்தா நீங்க புகார்கூடக் குடுக்கலாம். என்னம்மா, சிரிக்கிறீங்க?

— பின்ன என்னங்கய்யா, இந்த ஆளு வாயிலேர்ந்து 'பெண்டாட்டி'ங்கற அந்த ஒத்தை வார்த்தையைப் புடுங்கறதுக்கு மின்சாரப் பாயில ஆரம்பிச்சு இருநூறு கோஸ் வரைக்கும் நான் வரவேண்டியிருந்துச்சு. மவ முன்னாடி நடுங்குற மனுசன், எங்க பின்வாங்கிடுவாரோன்னு எனக்கு மட்டும் பயம் இருக்காதா? கெட்டுப்போனா இருக்கட்டும்னு அந்த ஃபாரத்துல ரெண்டு பிரதி எழுதினோம், இன்னொண்ணு என்கிட்டதான இருந்துச்சு. இவர் என் கடையில கண்ணசந்தப்ப, கோட்டுப் பையிலேர்ந்து இவர் அட்டையை உருவிக்கிட்டு நானும் அதே ஆபீசுக்கு ஓடினேன். அங்க இருந்த பொண்ணு கணினியைப் பாத்துட்டுச் சொல்றா, 'அம்மா, உங்களுக்குத்தான் போன வாரமே கல்யாணம் ஆயிடுச்சே!'