வெள்ளி அண்டாவில் நின்ற சிங்கம்

வன்னியில் சண்டை முடிந்த கிழமை. நான் குடியேறிய வெளிநாட்டு நகரில், வெக்ஸ்போர்ட் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"அந்தச் சிங்கத்தை இண்டைக்கு அழிச்சுப்போட்டன், அக்கா."

"எந்தச் சிங்கம்?"

"நான் வேலை செய்யிற பழஞ்சாமான் கடையில ஒரு வெள்ளித் தேத்தண்ணி அண்டா. ஆரோ இங்கிலாந்துப் பிரபு வீட்டுச் சாமானாம். அதில அந்தக் குடும்பத்தின்ர முத்திரையா வாளோட சிங்கம் செதுக்கியிருக்கு, சிறிலங்காக் கொடியில நிக்கிற மாதிரியே. மினுக்கிற மெசினை அதில பிடிச்சபடி நிண்டிட்டன்."

"அங்க உன்ர தங்கச்சி குடும்பத்தில ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு காலமைதானே செய்தி வந்தது. ஏன் வேலைக்குப் போனனீ?"

"வீட்டில இருந்து என்ன செய்யிறது?"

"முதலாளி கண்டவரோ?"

"ஓம். 'ஒரு குடும்பத்தின்ர அடையாளத்தையே இல்லாமப் பண்ணிப்போட்டாய்' எண்டு கத்தினார்."

"நீ என்ன சொன்னனீ?"

"சொரி எண்டன்."