இடது ஸ்பீக்கர்

ஒரு காதின் விலை எழுபதாயிரம் ரூபாய், சார். சென்னையில் ஒரு டாக்டர் சொன்ன விலை. காய்ச்சல் ஒன்று வந்து போனபோது என் இடது காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ஆபரேஷன் செய்தால் திரும்பலாம் என்றார். ஐம்பதுக்கு முடியுமா என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் பேரம் பேசிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சரி, கேரண்டி உண்டா என்றேன். இல்லை என்றார். கேரண்டி இல்லாத சரக்குக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்? எழுந்து வந்துவிட்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் 'முன்விரோதம்' என்று எழுதிவிடக் கூடாது. நரசிம்மன் சாருக்கும் எனக்கும் விரோதமே கிடையாது. அவரைப் போல நல்ல மனிதர் என் கடைப் படி ஏறியதில்லை.

எங்கள் அப்பாவுக்குச் செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக் கடை. குடத்தை விரலால் சுண்டி, விரிசல் உண்டா இல்லையா என்று ஓசையில் சொல்லிவிடும் குடும்பம். நான் கம்ப்யூட்டர் கடை வைத்தபோது அந்தக் காதைத்தான் முதலாகப் போட்டேன். அந்தக் காலத்தில் ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்களுக்கு இரண்டே சோதனைதான் தெரியும். தூக்கிப் பார்ப்பார்கள், கனத்தால் நல்லது. அது தெரிந்து உள்ளே சிமெண்டு உருண்டை ஒட்டி அனுப்பிய புண்ணியவான்களும் உண்டு. அடுத்து, குத்துப் பாட்டு போடச் சொல்லி மேசை அதிர்கிறதா என்று பார்ப்பார்கள். பெட்டியின் மேல் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே பத்து வாட் இருந்தால் வாங்கியவர் பாக்கியம்.

நான் கண்ணை மூடிக் கேட்டு, "இத எடுங்க" என்பேன். கல்பாக்கத்து ஆபீசர்கள் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைப்பார்கள். சாரதி காது சொன்னால் சரி என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே செட்டுக்கு இருநூறு ரூபாய் கூட வாங்கினேன். அந்தக் காதில் ஒன்று செத்துவிட்டது என்று வெளியே தெரிந்தால்? ஒற்றைத் தட்டுத் தராசில் யார் நிறுத்து வாங்குவார்கள், நீங்களே சொல்லுங்கள். அதனால் வெளியே விடவில்லை. கடையில் வேலை செய்த முனிசாமிக்குக்கூடத் தெரியாது.

நரசிம்மன் சார் கல்பாக்கத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார். ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்பார். வாங்குவது அபூர்வம். "இந்த ஆளு ஓசியிலயே கச்சேரி கேட்டுகினு கீறாரே அண்ணாத்த, ஒரு டிக்கெட்டாவது கிழிக்கலாம்ல" என்று முனிசாமி அவர் எதிரிலேயே சொல்வான். அவரும் சிரிப்பார்.

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு சனிக்கிழமை. முனிசாமி டீ வாங்கப் போயிருந்தான். புது செட் ஒன்றைச் சாரே ஒயர் சொருகிப் போட்டார். "எப்படி இருக்கு, சாரதி?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போல சுத்தமா வருது சார்."

அவர் பாட்டை நிறுத்தினார். பிறகு, குழந்தையிடம் சொல்வது போல, "இடது பக்க ஒயர் இன்னும் சொருகவே இல்லையேப்பா" என்றார்.

என் முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் வியாபாரி, சார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறவன் கையில் இருப்பது தேதி போடாத புரோநோட்டு. என்றைக்கு வேண்டுமானாலும் நீட்டலாம்.

அவர் நீட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார், உதவி செய்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து என் வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாடிக்கையாளர் காதில் விழாதபடி முணுமுணுப்பார். "இடதுல கொஞ்சம் கரகரப்பு." "இது வேண்டாம், அடித்தொண்டையில பேசறது." நான் அதையே உரக்கச் சொல்வேன். ஒரு பைசா கேட்டதில்லை. கடனுக்கு வட்டி உண்டு, கைமாற்றுக்குத் தவணை உண்டு. இலவசத்துக்கு என்ன உண்டு? அதை எப்படி அடைப்பது? நாளாக நாளாக ஆட்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் கடையில், என் கல்லாவுக்கு முன்னால்.

கடல் யோசனை அவருடையதுதான். பாட்டுப் போட்டால் ஆட்கள் பாட்டில் மயங்கிவிடுகிறார்கள், அலையைப் பதிவு செய்து போடு, இடிக்கிற ஓசையில் ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரின் தரம் தெரியும், நுரையில் சின்ன ஸ்பீக்கர் தெரியும் என்றார். அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய ரெக்கார்டரும் இருந்தது. அடுத்த ஜனவரியில் ஒரு மத்தியானம், என் வண்டியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே போனோம். சவுக்குத் தோப்பு முடிந்து பாறை தொடங்கும் இடம். ஈ காக்கை இல்லை. வலது மைக்கை நீள ஒயரில் அலை ஓரம் நட்டார். இடது மைக்கைத் தோப்புக்குள், தன் பக்கத்திலேயே நட்டார். இரண்டு மைக்குக்கு இரண்டு இரும்புக் கம்பி போதும். நான் மூன்று எடுத்துப்போயிருந்தேன்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். "ஆஹா, சாரதி" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்று மூன்றரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அடி கொட்டாங்கச்சி ஓசை. ஹெட்போன் பட்டை குறுக்கே வந்து பாதியை வாங்கிக்கொண்டது. இரண்டாவது காதுக்கு மேலே இறங்கியது. ஈர ஓசை, கொஞ்சம் மந்தம். மூன்றாவதற்கு ஓசையே இல்லை. விரிசல் விழுந்த குடத்தை மறுபடி சுண்டினால் அப்படித்தான் இருக்கும். இடது கை மணலில் கொஞ்ச நேரம் எதையோ எழுதுவது போல அசைந்து நின்றது. சட்டைக் காலர் முழுக்க நனைந்துவிட்டது. நான்காவதும் போட்டேன். சில்லறைக்குக் கணக்குப் பார்ப்பானேன் என்றுதான்.

அலை ஓரம் போய்க் கம்பியையும் கையையும் கழுவினேன். நிறைய ரத்தம், லேசில் போகவில்லை. பாறையில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் ஆள் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவரை இழுத்துப் போகும்போது விரல்கள் என் சட்டையைப் பிடித்தது போல இருந்தது. சவுக்குக் குச்சி மாட்டியிருக்கும் என்று உதறிவிட்டேன். பாறை இடுக்கில் தள்ளினேன். பிறகு குப்பத்துக்கு ஓடி, அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று கத்தினேன். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கினார். பாறையில் மோதிய காயம், தண்ணீர் குடித்து மரணம் என்று டாக்டர் எழுதினார். தண்ணீர் குடித்து என்று எழுதியதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. சாவு வீட்டில் அழுதேன். அது நடிப்பு இல்லை.

ரெக்கார்டர் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறொரு ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அடித்த பகுதியை வெட்டினேன். இழுத்த பகுதியை வெட்டினேன். நடுவில் நான் கை கழுவிய நேரம், அலை மட்டும் அப்பழுக்கில்லாமல் விழுந்திருந்தது. என் காதுக்கு அப்படித்தான் கேட்டது. நல்ல சரக்கைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. சி.டி. போட்டேன். அதை வைத்துத்தான் அதன்பின் ஸ்பீக்கர் விற்றேன். செட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு காப்பி இனாம். கருங்குழியில் ஒரு டீச்சரம்மா குழந்தையைத் தூங்கவைக்க அதைத்தான் போடுகிறாராம்.

முனிசாமி மட்டும் ஒரு தடவை, "இன்னா அண்ணாத்த, பொட்டிக்குள்ள எவனோ முனகுறாப்ல கீது?" என்றான்.

"சவுக்குக் காத்துடா."

"காத்துக்கு இன்னா, வயித்து வலியா?"

மலிவு ஸ்பீக்கர்களில் அவ்வளவுதான் வரும். போன மாதம்தான் நிஜமாகவே நல்ல செட் ஒன்று கடைக்கு வந்தது. என் போதாத காலம், அதே வாரம் சியாமளா மாமி மகளோடு வந்தார். நரசிம்மன் சாரின் மனைவி. மகள் அனுவுக்குச் சிறுசேரியில் வேலை, முதல் சம்பளம். "அப்பா மாதிரி நீங்களே கேட்டுச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். அவர்களுக்கு மட்டமானதைத் தள்ள மனம் வரவில்லை. நல்லதையே எடுத்து வைத்து, சி.டி.யைப் போட்டேன்.

மாமி இடது ஸ்பீக்கர் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாதியில் நிமிர்ந்தார். "இன்னொரு தடவை போடு." போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். அனு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முனிசாமி என்னையே பார்த்தான். வலது ஸ்பீக்கர் பக்கம் நின்ற எனக்கு அலைதான் கேட்டது.

"சாரதி, தண்ணிங்கறார்" என்றார் மாமி. குரல் உயரவில்லை. "சாரதி, சாரதின்னு கூப்பிட்டுண்டே இருக்கார். நீ ஏன் பதிலே சொல்லலை?"

முனிசாமி ஷட்டரை இறக்கிவிட்டு உங்களுக்குப் போன் செய்தான். நீங்கள் வருவதற்குள் மாமி இன்னொன்றும் சொன்னார். "உன் காது சமாச்சாரம் அவர் அன்னிக்கே எங்கிட்ட சொன்னார். பாவம், அவனுக்குத் துணைக்கு ஆள் வேணும், சனிக்கிழமை போய்ட்டு வரேன்னு கிளம்புவார்."

கவனித்தீர்களா, சார்? யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தவர், அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கிறார். மாமி இத்தனை வருஷமும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை என்பது வேறு விஷயம். நான் பயந்தது நியாயம் என்று ஆகிவிட்டது. அடித்தது நான், கடலில் போட்டது நான், உயிரோடு போட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள். அவர் எனக்கு ஒரு வாக்கு பாக்கி. நான் அவருக்கு ஒரு பதில் பாக்கி. ஒன்றுக்கு ஒன்று கழித்தால் கணக்கு நேர்.