அல்லிக் கிழங்கைத் தொடாதவர்

பங்களாக் குளத்து அல்லிகள் அழுகியது என்னால்தான். அப்போது நான் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். புல் சாக மருந்தடித்த கேன்களை, குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கழுவச் சொன்னேன். தோட்டத்துத் துரை விசாரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. பழி பங்களாத் தோட்டக்காரர் வேலு மேல் விழுந்தது; அவரைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து, தலவாக்கலையிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் மடியில் அல்லிக் கிழங்கு கட்டிய ஈரச் சாக்கோடு பக்கத்திலிருந்தவளிடம் பேசிக்கொண்டு வந்தாள். வேலுவின் மகள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"பங்களாக் குளம் அழுகினதிலருந்து அப்பா அல்லிக் கிழங்கத் தொடவே மாட்டாருக்கா. தன் கை பட்டா அழுகிருமாம்."

"அப்ப யாரு நடுறது?"

"நான்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால பீப்பா வெட்டி வச்சிருக்கோம். சாச்சு வை, முளைய மூடாதன்னு தள்ளி நின்னு சொல்லுவாரு. கைய ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்குவாரு."

"ஸ்கூல் மாஸ்டரு மாதிரி."

"பிரம்பு ஒண்ணுதான் இல்ல. பூ வந்துட்டா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாரு."

வீட்டுக்குப் போய் நடந்ததை எழுதி, என் பெயரையும் போட்டு, வேலுவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த மாதம் அதே பஸ்ஸில் அதே இருவர்.

"கடுதாசிய ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. பொறகு சட்டைக் கையச் சுருட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் பீப்பாக்குள்ள விட்டாரு. நான் நட்டதெல்லாம் கோணலாம், பிடுங்கி நட்டாரு."

"எழுதுன ஐயாவ ஏசலையா?"

"அவரப் பத்திப் பேச்சே இல்ல. பதில் எழுதவான்னு கேட்டேன். கை சேறா இருக்கு, பொறகு பாப்போம்னாரு."