ஒளிக்கோட்டுக்குள் ஒரு கை

இந்தச் சென்சார் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! தலைவருக்குத் தலைவலி தராமல் இந்த மேடையைத் தாங்கி நிற்கும் தொழிலாளர் மன்றச் செயலாளர் அவர்களே! இந்தக் கூரை எழும்பும் முன்பே இங்கே வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் விழா என்றால் முதல் ஆளாய் வந்து முன்வரிசை பிடிக்கும் மூத்தோரே! மயிரிழைக் கம்பியை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி, முள்முனை இடத்தில் பற்றவைக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே! கடைசியாக, என் வாயருகே நிற்கும் மைக்கே! உன்னையும் விட மாட்டேன். என் குரலை உணர்ந்து மின்சாரமாக மாற்றுகிறாயே, நீயும் இந்த உணரிக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அனைவரையும் விளித்துவிட்டேன். ஆனால் வணக்கம் மட்டும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மறந்துவிடவில்லை. அதை முடிவில் சொல்வதற்கென்று ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறேன். அதுவரை பொறுத்திருங்கள்.

நான் உங்கள் சென்சாரை வாங்கி மாட்டியிருக்கும் பிரஸ் பட்டறையின் மேற்பார்வையாளர். எங்கள் பட்டறையில் இரும்புத் தகட்டை அழுத்திக் கதவுக் கீல் செய்கிறோம். இரும்போடு இருபத்துநான்கு மணி நேரமும் கத்திக் கத்தி என் தொண்டையும் இரும்பாகிவிட்டது. அதனால்தான் விழாக்களுக்கு என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். சொல்லட்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

தோழர்களே! ஏட்டில் உணரி என்று எழுதுகிறோம், வாயால் சென்சார் என்று சொல்கிறோம். எந்தப் பெயர் சொன்னாலும் அது எங்கே இல்லை? காதில் வைத்ததும் கைபேசியின் முகம் இருட்டுகிறதே, யார் செய்தது? லிஃப்ட் கதவு மூடும்போது ஓடி வந்து ஒரு காலை நீட்டுகிறோமே, அந்தக் காலைக் கடிக்காமல் கதவைத் திறந்துவிட்டது யார்? அந்தி சாய்ந்ததும் ஆள் தொடாமலே தெருவிளக்கை ஏற்றியது யார்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் விரல் நுனியில் கவ்வி உட்கார்ந்து, உள்ளே ஓடும் உயிரை ஒவ்வொரு துடிப்பாய்த் தாய்க்குச் சொன்னது யார்? கண்ணில் படாத கண், காதில் விழாத காது, களைத்துப் போகாத காவல்! அதைச் செய்தவர்கள் இந்தப் பந்தலில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் மாமியார் இதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவரை ஒருமுறை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், குழாயை மேலும் கீழும் தடவிக்கொண்டிருக்கிறார். "இதுல திருகே வைக்கலடி. கட்டினவன் பாதியிலயே ஓடிட்டான் போல" என்கிறார். "அத்தை, சும்மா கையைக் காட்டுங்க" என்றேன். காட்டினார், தண்ணீர் வந்தது. எடுத்தார், நின்றது. அப்புறம் என்ன? காட்டுகிறார், எடுக்கிறார், காட்டுகிறார், எடுக்கிறார், பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில் திரும்பி ஒரு தீர்ப்புச் சொன்னார்: "உன் மாமனாரை விட இது எவ்வளவோ தேவலடி. கூப்பிடறதுக்கு முன்னாடியே வருது!"

சிரியுங்கள், சிரியுங்கள். அத்தை, நீங்கள் தலையைக் குனியாதீர்கள். இந்தப் பந்தலிலேயே உங்கள் சொல்லுக்குத்தான் முதல் கைதட்டல்.

வீட்டில் அது வேடிக்கை. வேலைத்தலத்தில் அது வாழ்க்கை. கொதிகலனின் அழுத்தம் எல்லை மீறினால் அலறுவது அது. சுரங்கத்தின் அடியில் நச்சுக் காற்றை மனிதனின் மூக்குக்கு முன்பே மோப்பம் பிடிப்பது அது. மருந்துப் புட்டியில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் ஒதுக்கித் தள்ளுவது அது. எங்கள் பட்டறையில் அது என்ன செய்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

பிரஸ் என்றால் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேல் அச்சு இறங்கி வந்து ஒரே அடி. தகடு கீலாகிவிடும். தகட்டுக்குப் பதில் கை இருந்தால்? அந்த எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்காகத்தான் உங்கள் சென்சார். அச்சுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் ஓடும். எதிரே இருக்கும் ஒரு பிரதிபலிப்பானில் பட்டு அந்த ஒளி திரும்பி வரும். நடுவில் கை நுழைந்தால் ஒளி திரும்பாது, பிரஸ் அங்கேயே நின்றுவிடும். நாங்கள் செய்யும் எல்லாவற்றையும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதால் பட்டறையில் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். அத்தை, மன்னிக்க வேண்டும், பெயர் வைத்தது நானில்லை, உங்கள் இளைய மகன்.

ஆம், என் கொழுந்தனும் அங்கேதான் பிரஸ் ஓட்டுகிறான். பட்டறையில் அவனுக்குத் தபேலா என்று பெயர். மேசை கிடைத்தால் மேசை, பாத்திரம் கிடைத்தால் பாத்திரம், எதுவும் கிடைக்காவிட்டால் தன் தொடை. எதிலாவது தாளம் தட்டாமல் அவனால் உட்கார முடியாது.

சென்சார் வந்த புதிதில் எங்களுக்கு அதன்மேல் கொலைவெறி. கை நுழைந்தால் நிற்க வேண்டியதுதானே? கை நுழையாமலே நிற்கும்! நல்ல வேகத்தில் ஓடும் பிரஸ் திடீரென்று மூச்சை நிறுத்தும். உங்கள் தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "கண் தெரியாத கண்ணை எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்று கேட்டேன். "நாளைக்கு ஆள் அனுப்பறோம்மா" என்றார்கள். வந்தது யார் தெரியுமா? உங்கள் சோதனைப் பிரிவுப் பொறியாளர் அம்மா. ஒவ்வொரு சென்சாரையும் கையில் எடுத்ததும் முதலில் அதன் கண்ணை ஊதிப் பார்ப்பாரே, அவர்! அடடே, இங்கேயும் அவருக்கு அதுதான் பெயரா? நாங்களும் 'ஊதுற மேடம்' என்றுதான் சொல்கிறோம். எழுந்திருக்க வேண்டாம் அம்மா, உட்காருங்கள், உங்கள் கதை இனிமேல்தான் வருகிறது.

வந்தவர் ஒவ்வொரு பிரஸ்ஸாகப் பார்த்தார். எல்லாம் நின்று நின்று ஓடுகின்றன. தபேலாவின் பிரஸ் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. "இது மட்டும் எப்படி இவ்வளவு சமர்த்தா இருக்கு?" என்று கேட்டார். தபேலா நெஞ்சை நிமிர்த்தி, "ஓட்டுற ஆளைப் பொறுத்தது மேடம்" என்றான். அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். தரையில் கிடந்த ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து ஒளிக்கோட்டுக்குள் நீட்டிப் பெடலை மிதித்தார்.

பிரஸ் நிற்கவில்லை. அட்டை தட்டையாக நசுங்கியது.

 குனிந்து பார்த்தால், சென்சாரின் கண்ணுக்கு நேர் முன்னால் சைக்கிளின் பின்புறத்தில் இருக்குமே சிவப்பு ரிஃப்ளெக்டர், அதில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது! ஒளி வெளியே போகுமுன்பே திரும்பிவிடுகிறது. வழியில் யாரும் இல்லை என்று சென்சார் நிம்மதியாக நினைத்துக்கொள்கிறது. உலகத்தில் உள்ள புத்தியையெல்லாம் திரட்டித் தன் கையைத் தானே பலி கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறான் என் கொழுந்தன். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது. அவனோ அசரவில்லை. "மாமியாரைத் தூங்க வச்சேன் அண்ணி. எல்லாரும் நிம்மதியா வேலை பாக்கத்தான்" என்கிறான்.

அந்த அம்மா திட்டவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதுக்காக ஒட்டுனீங்க? அதைச் சொல்லுங்க" என்றார்.

"சும்மா சும்மா நிக்குது மேடம். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் பட்டனை அமுக்கி, மறுபடி வந்து உட்கார்ந்து... கையில வேலையே ஓட மாட்டேங்குது."

அன்று மாலை வரை அவர் அங்கேயே இருந்தார். தகடு அடிபடும்போது தெறிக்கும் எண்ணெய், பனிபோலப் பறந்து சென்சாரின் கண்ணில் படிவதைக் கண்டுபிடித்தார். தன் வெள்ளைச் சட்டை மேலேயும் அது படிந்ததைக் காட்டிச் சிரித்தார். "நீங்க ஒட்டினது பெரிய தப்பு. ஆனா எண்ணெய் பறக்கிற இடத்துக்கு இப்படி ஒரு கண்ணை அனுப்பினது எங்க தப்பு. உங்க தப்பை நீங்க பிச்சுடுங்க, எங்க தப்பை நாங்க சரிபண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ரிஃப்ளெக்டரைத் தபேலாவே பிய்த்தான். புதியது வரும்வரை சென்சாரின் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினோம்.

தாய்மார்களே, அவர் திரும்பி வந்து உங்கள் மேசைகளில் என்ன சொன்னார் என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு வந்தது புதிய சென்சார். கண்ணை ஒரு குழலுக்குள் பதித்திருந்தீர்கள், எண்ணெய் படியாதபடி அதன்முன் காற்று வீசியது. அப்படியும் அழுக்குப் படிந்தால், "என்னைத் துடை" என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து ஒளி புறப்பட்டு, மறுபக்கத்தில் இருக்கும் தன் ஜோடியிடம் மட்டும், தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு துடிப்பில் பேசியது.

தபேலா சும்மா இருப்பானா? ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று எல்லோருக்கும் டீ பந்தயம் கட்டினான். எந்திரத்தை இயக்காமல், என் கண்ணெதிரேதான். கண்ணாடி வைத்தான், தோற்றான். பளபளக்கும் காகிதம் வைத்தான், தோற்றான். டார்ச் அடித்தான், மறுபடியும் தோற்றான். பட்டறை முழுக்க அவன் செலவில் டீ குடித்தது. "இந்த மாமியார் பலே கெட்டிக்காரி அண்ணி, அசைய மாட்டேங்கறா" என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு நாள் மதியம். சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தோம். தபேலாவின் பிரஸ்ஸில் அடித்த கீல் ஒன்று கீழே விழாமல் மேல் அச்சில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடக் கை தன்னால் உள்ளே போனது. கால், பழக்கத்தில், அதே நேரம் பெடலை மிதித்தது. நான் தூரத்திலிருந்து பார்க்கிறேன். கத்த வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை. இரும்புத் தொண்டை என்று பீற்றிக்கொண்டேனே, அந்தத் தொண்டை!

பிரஸ் நின்றுவிட்டது.

அவன் விரல்களுக்கும் மேல் அச்சுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டிதான் நுழையும். அவன் கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "அண்ணி, நின்னுடுச்சு" என்றான். "அண்ணி, அது நின்னுடுச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு வெளியே போய்க் குழாயடியில் நின்று கையைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

மாலையில் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவன் விரலை அசைக்கவில்லை. என் மாமியாருக்கு அவன் தட்டுகிற சத்தமே ஆகாது. "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டா" என்று நாள் முழுக்கத் திட்டுவார். அன்று நடந்ததை நான் சொன்னேன். அத்தை கேட்டார். மகனின் வலக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "தட்டுடா" என்றார். "எவ்வளவு வேணாலும் தட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவன் தட்டினான். அந்த வீட்டில் அதைவிட நல்ல இசையை நான் கேட்டதில்லை. நாங்கள் மூவரும் அழுதோம், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, பிரஸ்ஸைப் போல நானும் சரியான இடத்தில் நிற்கப் பழகுகிறேன்.

தாய்மார்களே, தங்கைமார்களே! உங்கள் மேசையிலிருந்து போகும் பெட்டி எந்த ஊருக்குப் போகிறது, எந்த எந்திரத்தில் ஏறுகிறது, எவரைக் காக்கிறது என்று உங்களுக்கு யாரும் வந்து சொல்வதில்லை. காயம் பட்டால் செய்தி வரும். காயம் படாமல் போனதற்கு எங்கே செய்தி வருகிறது? நடக்காமல் போன விபத்துக்கு யார் விழா எடுக்கிறார்கள்? அதனால் நான் வந்து சொல்கிறேன். அந்தக் கம்பியைப் பற்றவைத்தது உங்களில் எவரென்று எனக்குத் தெரியாது. முன்வரிசையா, மூலை வரிசையா, தெரியாது. தெரியாததால் உங்கள் ஒவ்வொருவரையும் அவராகவே பார்க்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள், "அம்மா, நீ என்ன வேலை செய்யறே?" என்று கேட்டால், சென்சார் செய்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடாதீர்கள். கை காக்கிறேன் என்று சொல்லுங்கள்! கண் காக்கிறேன் என்று சொல்லுங்கள்! முகம் தெரியாத ஒரு தாயின் மகனை முழுதாய் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று நிமிர்ந்து சொல்லுங்கள்! அந்தப் பெருமை உங்களுடையது. அதில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட அவைக்கும், போதும் என்று சொல்லாத தலைவருக்கும், அட்டையை நீட்டிப் பார்த்த அந்த அம்மாவுக்கும் என் நன்றி உரியது. ஒன்றே ஒன்று பாக்கி வைத்தேன், நினைவிருக்கிறதா? நான் சொல்லாமல் வைத்திருந்த வணக்கம். அதைச் சொல்ல இரண்டு கை வேண்டும்.

தபேலா, மேலே வாடா. வெட்கப்படாதே, வா. மைக் வேண்டாம், பேச வேண்டாம். இவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, உன் இரண்டு கையையும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்.