முந்நூற்று எண்பத்தேழு கோப்புகளும் ஒரு நட்சத்திரக் குறியும்

பதினேழு வருட வேலையில் ஒரு நாள்கூட நான் குடையை அலுவலகத்தில் மறந்துவிட்டுப் போனதில்லை ஐயா. அப்படிப்பட்டவனைப் பற்றி உங்கள் விசாரணை அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் வந்தேன். மற்றபடி அறிக்கை நன்றாகவே இருக்கிறது.

வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. விண்ணப்பத்துக்கு ஒரு கோப்பு. வட்ட எண், ஒரு சிறு கோடு, வரிசை எண். அதுதான் கோப்பின் பெயர். ஏற்றி முடித்ததும் தாள்களைக் கூழாக்க அனுப்பிவிடுவோம். என் அக்காவின் கோப்பு 07-3164.

அக்காவும் அத்தானும் என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டிருந்த வீடு ஊரின் அந்தக் கோடியில், ஒன்பதாவது மாடியில். அக்காவுக்கோ மூட்டு வலி. லிஃப்ட் நின்றுபோனால் என்ன செய்வாள்? அவளிடமே கேட்டேன்.

“மெதுவா ஏறிப் போய்க்கிறேன். எனக்குன்னு ஒரு கதவு இருக்கணும்டா. நினைச்சப்ப சாத்திக்கணும்.”

ஏதோ அலுப்பில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு, நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் தனியாகச் சாப்பிடப் பழகுவது உடம்புக்கு நல்லதில்லை.

அந்தக் கோப்பை அழிப்பது ஒரு நொடி வேலை. ஆனால் ஒன்று மட்டும் காணாமல் போனால் அது யாருடையது என்று தேடுவார்கள்; தேடினால் யாருடைய அக்கா என்பதும் வெளியே வரும். கடைசி எண்ணை எடுத்துவிட்டு அங்கே கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன். கேள்விக்குறி இருக்கும் இடத்தில் எந்த ஓர் எழுத்து வந்தாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். பத்துக் கோப்புகள் சிக்கின. பத்துப் பெயர்களை யாரும் ஒரு மூச்சில் படித்துவிடுவார்கள். ஆகவே 07-3 என்று அடித்து, ஒட்டினாற்போல் நட்சத்திரக் குறியைப் போட்டேன். நட்சத்திரத்துக்குப் பின்னால் எது வந்தாலும் சம்மதம். முந்நூற்று எண்பத்தேழு. இத்தனை போனால் யாரும் மனிதனைச் சந்தேகப்படுவதில்லை, இயந்திரத்தைத்தான் திட்டுவார்கள்.

அழிப்பதற்கு முன்னால் முழுப் பட்டியலையும் வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன் ஐயா. வேறு வட்டத்துக் கோப்பு ஒன்றுகூடத் தவறிச் சிக்கவில்லை. 3212 ஒரு தையல்காரருடையது. பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நான்கு முறை வந்துபோனவர். இரட்டைக் குழந்தைகள், ஒரே அறை, ஒழுகுகிற கூரை. இணைப்புகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவ்வளவு நேர்த்தியான விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. சேமிப்பு வட்டிலிருந்த நகல்களை முதலில் அழித்தேன், மூலத்தை அப்புறம். மதியச் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்தில் எழுந்துவிட்டேன்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டிய அன்று தையல்காரர் ஜன்னலில் வந்து நின்றார்.

“சார், நம்ம நம்பரே காணோமே. கொஞ்சம் பாருங்களேன்.”

“மெஷின் கோளாறுங்க. அடுத்த தடவை எழுதிக் குடுங்க.”

“அடுத்தது எப்ப சார்?”

“ஆறு வருஷம் ஆகும்.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அன்று மாலை அக்கா எனக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“எனக்குப் போனா போகுதுடா. மத்த குடும்பங்களை நினைச்சாத்தான் வயிறு எரியுது. இதைச் செஞ்சவன் நல்லாவே இருக்க மாட்டான்.”

“மெஷினைச் சபிச்சு என்னக்கா பிரயோசனம்?” என்று சமாதானம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். போட்டாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முந்நூற்று எண்பத்தேழு கோப்புகளையும் அழித்தது நான்தான். தெரிந்தே, எண்ணிப் பார்த்தே, முழுக்க முழுக்க அக்காவின் நன்மைக்காக. விஷயம் தெரிந்தால் முதலில் சந்தோஷப்படுபவள் அவளாகத்தான் இருப்பாள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இந்தத் தாள் மட்டும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.